சிபில் கார்த்திகேசு: கடைசிவரை வாய் திறக்காத தாதி

2016 செப்டம்பர் 3ஆம் தேதி மலேசியாவில் கூகிள் பக்கத்தைத் திறந்தவர்கள் ஒரு பெண்ணின் ஓவியத்தைப் பார்த்திருப்பார்கள். அன்று சிபில் கார்த்திகேசுவின் 117ஆவது பிறந்தநாள். ஜப்பானியரின் சித்திரவதைக்கு அஞ்சாதவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீங்க. ஆனால், அவர் யாருக்காக அடி வாங்கினார் தெரியுமா? கடவுளே இல்லை என்று சொன்னவர்களுக்காக. அவரோ தீவிரக் கத்தோலிக்கர்.

பெயரைப் பார்த்து அவரைத் தமிழர் என்று நினைத்துவிட வேண்டாம். 1899இல் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியர் அவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கான்டனீஸ் மொழி அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

தமிழ்த் தொடர்பு கணவர் வழியாக வந்தது. தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழரான அந்த டாக்டர் இந்து. பெண் வீட்டில் எதிர்ப்பு. கடைசியில் அவர் கத்தோலிக்கராகி, அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு என்ற பெயரை ஏற்றார். 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தது.

அதே ஆண்டு முதல் குழந்தை மைக்கல் பிறந்தான். ஒருநாள்கூட முழுசா உயிரோடு இல்லை. தம்பதியர் வில்லியம் என்ற பையனைத் தத்தெடுத்தார்கள். பிறகு ஓல்கா, டாவ்ன் என்று இரண்டு மகள்கள். 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கிளினிக். விசுவாசம் என்றால் வருஷக்கணக்கா இப்படித்தான் இருந்தது அவருக்கு: ஜெபம், தேவாலயம், பிரசவம் பார்ப்பது. செய்தியாகும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

பிறகு போர் வந்தது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ஈப்போவை நெருங்க, குடும்பம் பக்கத்தில் இருக்கும் பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குப் போனது. முதன்மைச் சாலையில் 74ஆம் எண் கடைவீடு. அங்கே ஒரு வானொலிப் பெட்டி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு ஜோசஃபின் என்று செல்லப்பெயர்கூட உண்டு! அதில் பிபிசி கேட்டு, போர் நிலவரத்தை நம்பிக்கையானவர்களிடம் சொன்னார்கள். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

இரவில் பின்கதவு வழியாக நோயாளிகள் வந்தார்கள். குண்டடி பட்டவர்கள், மலேரியாவில் நடுங்கியவர்கள். காட்டில் இருந்து போராடிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் அவர்கள். அந்தப் படையை நடத்தியது கம்யூனிஸ்ட் கட்சி. பெரும்பாலும் சீன இளைஞர்கள். சிபிலின் அரசியலும் அவர்களின் அரசியலும் ஒன்றல்ல. மதம் சுத்தமாக ஒத்துப்போகாது. ஆனாலும் வந்தவர்களுக்கு அவர் மருந்து போட்டார், தோட்டாவை எடுத்தார், அனுப்பி வைத்தார்.

1943இல் முதலில் கணவர் கைதானார். அடுத்து சிபில்.

கெம்பெய்தாய் எனும் ஜப்பானிய ராணுவப் போலீஸ் என்னவெல்லாம் செய்தது என்று முழுசா எழுத இங்கே மனம் வரவில்லை. வயிறு நிறைய தண்ணீரைத் திணித்தார்கள். நகங்களைப் பிடுங்கினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். வேண்டியது ஒன்றுதான்: பெயர்கள். அவர் சொல்லவில்லை.

அப்புறம் டாவ்னைக் கொண்டு வந்தார்கள். வயது ஏழுதான். தாயின் கண்முன்னே பிள்ளையை மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு.

இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரலாம். பெற்ற தாய் இப்பவாவது பேச வேண்டாமா? நியாயமான கேள்வி. ஆனால், அவர் பேசினால் காட்டில் இருந்தவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்கு உதவிய பாப்பான் மக்களும் மாட்டுவார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. சொல்ல வேண்டாம் என்று தாய்க்குத் தைரியம் கொடுத்ததே அந்தச் சின்னப் பெண்தான். சிபில் ஜெபித்தார், வாய் திறக்கவில்லை. சிறுமி உயிர் தப்பினாள். தப்பாமல் போயிருந்தால் இந்தக் கதையை நாம் எப்படிச் சொல்லியிருப்போம்? எனக்கு அதற்குப் பதில் இல்லை.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை. பத்து காஜா சிறை. முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, எழுந்து நடக்க முடியாத நிலை. 1945இல் போர் முடிந்து வெளியே வந்தபோது அவரைச் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே மன்னர் ஆறாம் ஜார்ஜ் கையால் ஜார்ஜ் பதக்கம். அதைப் பெற்ற ஒரே மலாயாப் பெண் அவர்தான் என்பார்கள்.

விருது உடம்பைக் குணப்படுத்தாது, இல்லையா? காவலில் இருந்தபோது பூட்ஸ் காலால் உதைபட்டு உடைந்த தாடை ஆறவே இல்லை. அந்தக் காயத்தில் ஏற்பட்ட நச்சு ரத்தத்தில் கலந்து, 1948 ஜூனில் ஸ்காட்லாந்தின் லானார்க் ஊரில் அவர் காலமானார். வயது 48. அடுத்த ஆண்டு உடல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு, அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் எழுதி வைத்த நினைவுகள் 1954இல் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற புத்தகமாக வந்தன. ஈப்போ ஃபேர் பார்க் வட்டாரத்தில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பாப்பானில் பழைய கட்டடங்கள் பல செடி கொடிக்குள் மறைந்துவிட்டன. 74ஆம் எண் வீட்டைத் தேடிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.