தேடலில் நிலைத்த மகிழ்ச்சி

நல்ல வேலை, சொந்த வீடு, கைநிறையச் சம்பளம் ஆகியவை வாய்த்துவிட்டால் மகிழ்ச்சி தானாக வந்து நிலைத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். தஞ்சைத் தரணியில் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவைக்கும் பெற்றோரிடம் நான் காண்பது இந்த நம்பிக்கையைத்தான். அது பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால், அது பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய, இதே காவிரிக் கரையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை நான் துணைக்கு அழைக்கிறேன். அவர் 'தமிழ்த்தாத்தா' உ.வே.சாமிநாதையர்.

அழிவின் விளிம்பில் இருந்த நூல்களை அவர் மீட்டதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த மீட்புப் பணி அவருக்கு என்ன செய்தது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. அவருடைய தன்வரலாறான 'என் சரித்திர'த்தை, மனிதனின் மகிழ்ச்சி நிலைக்குமா என்ற கேள்வியோடு படித்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் 1855 பிப்ரவரி 19-ஆம் தேதி பிறந்தவர் அவர். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். கதாகாலட்சேபம் செய்து, ஆதரிப்போர் இருக்கும் ஊர்களை நாடிச் செல்வதே குடும்பத்தின் பிழைப்பாக இருந்தது. அரியலூர், குன்னம், கார்குடி என்று இடம் மாறிக்கொண்டே இருந்த பால்யம் அவருடையது. பின்னாளில் திருமணக் கடனை அடைப்பதற்காகப் புராணப் பிரசங்கம் செய்யவும் நேர்ந்தது. வறுமையின் சுவையை அறியாமல் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசியவர் அல்லர் அவர்.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரானபோது, வாழ்வின் பெரும் ஆசை நிறைவேறியதாக அவர் உணர்ந்தார். ஆனால், 1876 பிப்ரவரியில் ஆசிரியர் மறைந்தார். மனிதர் ஒருவரைச் சார்ந்து வந்த இன்பம் அவரோடு போய்விடும் என்ற கசப்பான பாடத்தை இருபத்தொரு வயது நிறையும் முன்பே அவர் கற்றார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் அரவணைப்பு அவரைத் தாங்கிப் பிடித்தது.

1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, தம் இடத்துக்கு இவரையே பரிந்துரைத்தார். மாதம் 50 ரூபாய் சம்பளம். ஊர் ஊராக அலைந்த குடும்பத்துக்கு நிலையான வருமானம், மாணவர்களின் மதிப்பு, காவிரிக் கரையில் புகழ்பெற்ற கல்லூரி. இன்றைய பெற்றோரின் கணக்குப்படி பார்த்தால், மகிழ்ச்சி வந்து குடியேறிவிட வேண்டிய இடம் இதுதான். கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல தமிழாசிரியர் ஒருவர் நிம்மதியாக வாழ்ந்து மறைந்திருப்பார். நமக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்காது.

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாறுதலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் பெருமையோடு அடுக்கினார். முதலியாரின் முகத்தில் வியப்பு எழவில்லை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று அவர் வினவினார். தெரியாது என்பதே விடை.

அந்த ஒரு சந்திப்பில் சாமிநாதையரின் மனநிறைவு குலைந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த கல்வி, கடலின் கரை மட்டுமே என்று தெரிந்தது. பலர் இத்தகைய தருணத்தில் கேட்டவர்மீது கோபம் கொள்வர். அல்லது கேள்வியை மறந்துவிடுவர். அவரோ சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தார்.

சைவ மடத்தில் பயின்ற அவருக்குச் சமண காவியத்தின் சொற்களும் கொள்கைகளும் புதியவை. 3,145 பாடல்கள்; நச்சினார்க்கினியர் உரை; பிழை மலிந்த சுவடிகள். கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குச் சென்று அவர்களிடம் மாணவரைப் போலப் பாடம் கேட்டார். ஒரு நாள் அங்கே ஒரு வீட்டில் கோலமும் தோரணமும் கண்டு விசாரித்தபோது, சிந்தாமணியைப் படித்து முடித்ததைக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். தாம் அறியாத ஒரு நூல், தம் ஊரிலேயே சிலருடைய உயிரோடு கலந்திருப்பதை அவர் கண்டார். அந்த வியப்பு அவரை விட்டு நீங்கவே இல்லை.

சிந்தாமணி 1887-இல் அச்சில் வந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. இடையில் துன்பங்களுக்குக் குறைவில்லை. அச்சுச் செலவுக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. கண்டனத் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளைத் தேடிச் சென்றபோது, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வேதனையை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நிலைத்த மகிழ்ச்சி என்பது துயரமே இல்லாத வாழ்வு அன்று என்பதை இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

இன்றைய உளவியலும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது. லாட்டரியில் பெரும்பரிசு பெற்ற 22 பேரை 1978-இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவர்கள் பரிசு பெறாத மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்று தெரிந்தது. அன்றாடச் சிறு இன்பங்களிலும் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தது. எதற்கும் பழகிவிடும் மனம், பெற்றதையும் பழையதாக்கிவிடுகிறது. மனிதர்களின் மகிழ்ச்சியில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பிறவி இயல்பு, பத்தில் ஒரு பங்கு வாழ்க்கைச் சூழல், எஞ்சிய 40 விழுக்காடு நம் செயல்களின் பாற்பட்டது என்று 2005-இல் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் மதிப்பிட்டனர். அந்த 40 விழுக்காடு மிகையாக இருக்கலாம் என்று 2019-இல் எழுதிய கட்டுரையில் அவரும் ஷெல்டனும் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும், மனம் உவந்து செய்யும் செயலுக்கு இதில் இடமுண்டு என்பதை அவர்கள் கைவிடவில்லை.

சாமிநாதையரின் வாழ்வில் அந்தச் செயல் ஏன் சலிக்கவில்லை? ஒவ்வோர் ஏடும் ஒரு புதிய புதிரோடு வந்தது. ஆகவே மனம் அதற்குப் பழகிவிட வாய்ப்பில்லை. சமணர்கள், மடத்துத் தம்பிரான்கள், ஏடு காத்த குடும்பத்தினர், மாணவர்கள் என அந்தத் தேடல் அவரை மனிதர்களோடு ஓயாமல் பிணைத்தது. பலன் தமக்கு மட்டுமே உரியதாகவும் இல்லை. நம் உழவர்களைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வாய்க்காலில் புதுப்புனல் வரும்போது அவர்கள் அடையும் மகிழ்ச்சி எத்தனை ஆண்டுகளானாலும் பழசாவதில்லை. காத்திருப்பும் உழைப்பும் கவலையும் இடையே இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கிறது.

இதைக் கொண்டு பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நேர்மையாகாது. கல்லூரிச் சம்பளம் இல்லாவிட்டால் ஏடு தேடிப் பயணம் போயிருக்க முடியாது. தியாகராச செட்டியாரின் பரிவும், முதலியார் தந்த தூண்டுதலும், ஆதீனத்தின் ஆதரவும் இல்லாவிட்டால் அவருடைய உழைப்புக்கு வழி பிறந்திராது. வயலுக்கு வரப்பு எப்படியோ வாழ்வுக்கு வருமானம் அப்படி. வரப்பு இல்லாமல் நீர் நிற்காது. ஆனால், வரப்பைக் கட்டிவிட்டு விதைக்க மறந்தால் அறுவடை ஏது?

ஆகவே, படிப்பை முடித்து வேலைக்குச் செல்லும் பிள்ளைகளிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் நாம், வேலை கிடைத்த பிறகு எதைக் கற்கப் போகிறாய், யாரோடு சேர்ந்து எதைச் செய்யப் போகிறாய் என்றும் கேட்க வேண்டும். நமக்குத் தெரியாததை ஒருவர் சுட்டிக்காட்டும்போது புண்படாமல் அதன் பின்னே செல்லும் பழக்கத்தை வீட்டிலேயே ஊட்ட வேண்டும். ஓய்வுபெற்றவர்களுக்கும் இது பொருந்தும்.

சாமிநாதையர் 1919-இல் ஓய்வுபெற்றார். குறுந்தொகையை உரையோடு பதிப்பித்தது 1937-இல். அப்போது அவருக்கு வயது 82. 1940-இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கி, அது முற்றுப்பெறும் முன்பே 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார். முதலியாரின் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் விடை சொல்லிக்கொண்டே இருந்த அந்த மனிதருக்கு, இறுதிவரை செய்வதற்கு ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது.