தன் கையே தனக்குதவி: டாக்டர் ஹோமி பாபா

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணல் மற்ற ஊர் மணலைப் போலிராது. கறுப்பும் செம்மையும் கலந்து கிடக்கும். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக் கொண்டிருந்த மணலைச் சோதித்துப் பார்த்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்த நாளில் தோரியத்துக்கு இருந்த பெரும் பயன் காஸ் விளக்குகளின் மேண்டில்தான். நம் ஊர்த் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கு வெண்மையாக எரிந்ததே, அந்த வெளிச்சம் மேண்டிலில் தோய்க்கப்பட்ட தோரியத்தின் வெளிச்சம். நம் மணல் கப்பலேறிப் போய் மேல்நாட்டுத் தொழிற்சாலைகளை வளர்த்தது. மணலை அள்ளிக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது கூலி மட்டுமே.

அதே 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஹோமி ஜஹாங்கீர் பாபா பிறந்தார். அந்த மணலின் கதையும் இந்த மனிதரின் கதையும் பின்னர் ஒன்றாயின.

பாபாவின் தந்தை வழக்கறிஞர். அத்தையை மணந்தவர் ஸர் தோராப்ஜி டாட்டா. ஆகவே வீட்டில் செல்வத்துக்கும் நூல்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் குறைவில்லை. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பாபாவின் இளமையை நம் இளமையோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. ஒப்பிட வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு சங்கடம் அவருக்கும் இருந்தது. மகன் எதைப் படிக்க வேண்டும் என்பதில் வீட்டார் எண்ணம் வேறு, மகன் எண்ணம் வேறு. ஜாம்ஷெட்பூர் எஃகுத் தொழிற்சாலைக்கு நல்லதொரு பொறியாளர் ஆகட்டும் என்று 1927-இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே போனவரின் மனம் பௌதிகத்தில் போய் ஒட்டிக் கொண்டது. தந்தை ஒரு நிபந்தனை விதித்தார்: முதலில் இயந்திரப் பொறியியலில் முதல் வகுப்பில் தேறட்டும், பிறகு விரும்பியதைப் படிக்கட்டும் என்பது அது. 1930-இல் பாபா முதல் வகுப்பில் தேறினார். தந்தையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வேண்டாவெறுப்பாகப் படித்த அந்த இயந்திரப் பொறியியல் வீண்போகவில்லை என்பது என் கருத்து. ஏட்டில் சமன்பாடு எழுதுவோர் பலர் உண்டு. அந்தச் சமன்பாடு இரும்பாகவும் குழாயாகவும் பற்றவைப்பாகவும் மாறுவதற்குள் எத்தனை பேர் கைபட வேண்டும் என்பதை அறிந்த கோட்பாட்டு விஞ்ஞானி அரிது. பாபா அந்த அரியவர்களுள் ஒருவர்.

பௌதிகத்தில் அவர் செய்தவற்றைச் சுருக்கமாகவே கூறுகிறேன். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். அது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. 1937-இல் ஹைட்லருடன் சேர்ந்து, காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகி மழைபோல் இறங்குவதை விளக்கினார். 1941-இல், முப்பத்திரண்டு வயது நிறைவதற்கு முன்பே, ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார்.

1939-இல் விடுமுறைக்கு இந்தியா வந்திருந்தபோது உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸர் சி.வி. ராமனின் துறையில் பணியேற்றார். போர் முடிந்தபின் மேல்நாட்டில் அவருக்குப் பதவி கிடைத்திருக்கும். அவர் போகவில்லை. 1944 மார்ச்சில் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். பௌதிக ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகளில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வந்தால், நாம் வல்லுநர்களைத் தேடி வெளிநாடு ஓடாமல் இங்கேயே அவர்கள் ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்டில் என்பதை நினைவிற் கொண்டால், இந்தக் கடிதத்தின் தொலைநோக்கு புலப்படும். டாட்டா ஆராய்ச்சி நிலையம் 1945-இல் பெங்களூரில் தொடங்கி, அவ்வாண்டு இறுதியிலேயே பம்பாய்க்கு மாறியது. அங்கே முதல் இருப்பிடம் பெடர் ரோட்டில் அவர் உறவினரின் பங்களாவில் ஒரு பகுதி!

1948 ஆகஸ்டு 10-ஆம் நாள் அணுசக்திக் கமிஷன் அமைந்தது. தலைவர் பாபா, உறுப்பினர்கள் எஸ்.எஸ். பட்நாகரும், நம் தமிழகத்து கே.எஸ். கிருஷ்ணனும். கமிஷன் கையிலெடுத்த முதற்காரியங்களுள் ஒன்று, அதே திருவிதாங்கூர் மணல். 1950-இல் இந்திய அரிய மண் நிறுவனம் தோன்றியது. 1952 டிசம்பரில் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1955-இல் டிராம்பேயில் தோரியத் தொழிற்சாலை இயங்கியது. அங்கே உற்பத்தியான தோரியம் நைட்ரேட் மேண்டில் செய்வோருக்கும் போயிற்று. மணலாகவே கப்பலேறிய காலம் போய், மணலின் சாரத்தை நாமே பிரித்தெடுக்கும் காலம் வந்தது.

அணு உலைக்குரிய பொருள்களைச் செய்வது ஏன் கடினம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சாதாரணத் தொழிற்சாலையில் நூற்றுக்கு ஒரு பங்கு மாசு இருந்தால் பொறுத்துக் கொள்வார்கள். அணு உலையில் பத்து லட்சத்தில் சில பங்கு போரான் இருந்தாலும் ஆகாது. அது நியூட்ரான்களை விழுங்கிவிடும். எரிபொருளுக்கு உறையாகும் சிர்கோனியத்தை எடுத்துக் கொள்வோம். அதன் தாதுவான சிர்கானும் அந்த மணவாளக்குறிச்சி மணலில் கிடைப்பதுதான். ஆனால் சிர்கோனியத்தோடு ஹாஃப்னியம் இரட்டைப் பிள்ளைபோல் ஒட்டிக் கொண்டிருக்கும். வேதியியற் குணங்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. நியூட்ரானை விழுங்குவதில் மட்டும் ஹாஃப்னியம் ஐந்நூறு மடங்குக்கும் மேல். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாத நாடு, உறைக் குழாய்க்குப் பிறர் வாசலில் நிற்க வேண்டியதே.

நிற்க விரும்பாதவர் பாபா. முதல் உலையை எப்படிப் பெறுவது என்று 1955-இல் ஆலோசனை எழுந்தபோது, நாமே கட்டுவோம் என்று முடிவாயிற்று. எரிபொருள் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது. நீர்த்தொட்டி, கட்டுப்பாட்டுத் தண்டுகளை இயக்கும் பொறிகள், அளவிடும் கருவிகள் எல்லாம் இங்கேயே உருவாயின. ஏ.எஸ். ராவ் தலைமையில் இளைஞர்கள் மின்னணுக் கருவிகளைச் செய்தார்கள். 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் பிற்பகலில் உலை இயங்கத் தொடங்கியது. ஆசியாவில் சோவியத் நாட்டுக்கு வெளியே அதுவே முதல் அணு உலை. நேரு அதற்கு அப்ஸரா என்று பெயரிட்டார். அந்தக் கருவிகளைச் செய்த குழுவே வளர்ந்து, 1967-இல் ஐதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம் ஆயிற்று.

அடுத்த உலை கனடாவின் துணையோடு எழுந்த சைரஸ். அமெரிக்கா 21 டன் கனநீர் கொடுத்தது. எரிபொருளையும் கனடாவே தர ஆயத்தமாயிருந்தது. பாபாவோ, பாதியை நாங்கள் செய்து தருகிறோம் என்றார். அப்போது நம்மிடம் யுரேனிய உலோகம் செய்யும் ஆலை இல்லை. செய்து பழகிய ஆளும் இல்லை. உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷும் அவருடைய குழுவினரும் அதை ஏற்றுக் கொண்டார்கள். 1959 ஜனவரியில் டிராம்பேயில் முதல் யுரேனியக் கட்டி வார்க்கப்பட்டது. 1960 ஜூலையில் சைரஸ் இயங்கியபோது, அதில் பாதி எரிபொருள் இந்தியக் கைகள் செய்தது.

ஆள் வேண்டுமே? 1957-இல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அறிவியலும் பொறியியலும் படித்த பட்டதாரிகளை நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுத்து, ஓராண்டு பயிற்சி கொடுத்து, வேலையும் கொடுப்பது அதன் ஏற்பாடு. செல்வர் வீட்டுப் பிள்ளையான பாபா நம்மைப் போன்றோருக்குத் திறந்து வைத்த வாசல் அதுதான். அப்பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது. நம் கல்லூரி நண்பர்கள் மேற்படிப்பு முடித்தபின் அதன் தேர்வை எழுதிப் பார்க்கலாம்.

இப்படி எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்றவர், முதல் அணுமின் நிலையத்தை மட்டும் ஏன் அமெரிக்காவிடம் முழுதாக வாங்கினார்? தாராப்பூர் நிலையத்தை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி கட்டித் தருவதாக 1964-இல் ஒப்பந்தமானது. செறிவூட்டிய யுரேனியம் அங்கிருந்தே வரவேண்டும். அணுமின்சாரம் கட்டுபடியாகும் என்பதை நாட்டுக்கு விரைவில் காட்ட வேண்டியிருந்தது; விலையும் மலிவாக வந்தது. காரணங்கள் இவையாயினும், இந்த இடத்தில் பாபா தம் கொள்கையிலிருந்து சற்று இறங்கினார் என்றே நான் நினைக்கிறேன். 1974-க்குப் பின் அந்த எரிபொருளுக்காக நாடு பட்ட பாடு அதற்குச் சான்று. 1980-களில் பிரான்சிடமிருந்து வாங்க நேர்ந்தது.

ஆனால் அதே காலத்தில் ராஜஸ்தான் நிலையத்துக்குக் கனடாவோடு செய்த ஏற்பாட்டில் அவர் கொள்கை முழுமையாக நின்றது. உலையின் வரைபடங்கள் நமக்குக் கிடைக்க வேண்டும், நம் பொறியாளர்கள் உடனிருந்து கற்க வேண்டும், பாகங்களில் இந்தியத் தொழிற்சாலைகளின் பங்கு படிப்படியாக உயர வேண்டும் என்பது நோக்கம். எரிபொருளும் செறிவூட்டாத இயற்கை யுரேனியம். அது ஜாதுகுடாவில் நம் மண்ணிலேயே இருந்தது.

பாபா ஓவியம் தீட்டுவார்; மேல்நாட்டு இசையில் ஆழ்ந்த பற்று உடையவர்; திருமணம் செய்து கொள்ளவில்லை. கட்டடத்துக்கு இடையூறாக மரம் நின்றால் வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார். அவர் கணக்குகள் தவறியதும் உண்டு. 1955-இல் ஜெனீவா மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, அணுக்கருப் பிணைப்பை இருபது ஆண்டுகளில் கட்டுப்படுத்திவிடலாம் என்றார். அது இன்னும் மின்சாரம் தரவில்லை. 1980-க்குள் பல ஆயிரம் மெகாவாட் அணுமின்சாரம் வரும் என்று எதிர்பார்த்தார். அவ்வாண்டில் தாராப்பூரும் ராஜஸ்தானும் சேர்ந்து ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. எல்லாவற்றையும் நாமே செய்வதற்கு ஆகும் காலத்தை அவர் குறைத்தே மதிப்பிட்டார்.

1966 ஜனவரி 24. சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்காக வியன்னா நோக்கிப் புறப்பட்ட பாபா சென்ற கஞ்சன்ஜங்கா என்னும் ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தருகே மோதிச் சிதறியது. 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு வயது 56. இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்ற நாளும் அதுவே. மறு ஆண்டு டிராம்பே நிலையத்துக்குப் பாபாவின் பெயர் சூட்டப்பட்டது.

அவர் போட்ட அடித்தளத்துக்குச் சோதனை வந்தது எட்டாண்டு கழித்து. 1974 மே மாதம் பொக்ரானில் நடந்த அணு வெடிப்புக்கான புளுட்டோனியம் சைரஸில் விளைந்தது. அமைதிப் பணிக்கென்று கொடுத்த உலை என்று கனடா சினந்து உதவியை நிறுத்தியது. அந்தச் சினத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ராஜஸ்தானில் இரண்டாவது உலை அரைகுறையாக நின்றது. வல்லுநர்கள் போய்விட்டார்கள், வெளிநாட்டுப் பாகங்கள் வரவில்லை. ஆனால் வரைபடம் கையில் இருந்தது. ஐதராபாத்தில் 1971 முதல் அணு எரிபொருள் வளாகம் சிர்கோனியத்தையும் ஹாஃப்னியத்தையும் பிரித்துக் குழாய் இழுத்துக் கொண்டிருந்தது. லார்சன் அண்டு டூப்ரோ, வால்சந்த்நகர் போன்ற தொழிற்சாலைகள் கனமான உலைப் பாகங்களைச் செய்யப் பழகிக் கொண்டிருந்தன. கனநீர்தான் பெரும் இடர். புதிய கனநீர் ஆலைகள் சொன்ன காலத்தில் ஓடவில்லை. தூத்துக்குடி ஆலை 1978-இல்தான் தொடங்கியது. தட்டுத் தடுமாறி 1981-இல் அந்த உலை மின்சாரம் தந்தது.

அதன்பின் நம் கல்பாக்கம். வெளிநாட்டு ஒத்துழைப்பின்றி நாமே கட்டிய அதன் முதல் உலை 1983 ஜூலையில் உயிர் பெற்றது. அந்த வகை உலைகளுக்கு வேண்டிய நீராவியாக்கிகளைத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்து வந்திருக்கிறது. 220 மெகாவாட்டில் தொடங்கிய வரிசை, 2020-இல் குஜராத்தின் காக்ராபாரில் 700 மெகாவாட்டை எட்டியது. அதே அளவில் பத்து உலைகளை ஒருங்கே கட்ட 2017-இல் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒன்றொன்றாய்ப் பாகம் கேட்டால் தொழிற்சாலை முதல் போட அஞ்சும். பத்துக்குச் சேர்த்துக் கேட்டால் துணியும் என்பது அதன் கருத்து. 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்று 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் இலக்கு சொல்லப்பட்டது. அவ்வாண்டில் நம்மிடம் இருந்தது ஒன்பதாயிரத்துக்கும் குறைவு.

மணவாளக்குறிச்சித் தோரியம் என்ன ஆயிற்று? முதலில் இயற்கை யுரேனிய உலை, அடுத்து வேக ஈனுலை, மூன்றாவதாகத் தோரியம் என்று பாபா மூன்று படிகள் வகுத்தார். நாடு இரண்டாம் படியில்தான் கால் வைத்திருக்கிறது; கல்பாக்கத்து வேக ஈனுலையில் எரிபொருள் நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது. ஆயினும் அதே கல்பாக்கத்தில், தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம்-233 கொண்டு ஓடும் காமினி என்ற சிற்றுலை 1996 அக்டோபர் முதல் இருக்கிறது. அதன் திறன் 30 கிலோவாட்.