பித்தன் என்று கட்டிவைக்கப்பட்ட போர்வீரர்
புனித இறை அருளப்பரின் வாழ்வு



கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் புகைவண்டி அப்புத்தளையைக் கடந்ததும் தியத்தலாவையில் நிற்கும். அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே நம் நினைவுக்கு வருவது இராணுவ முகாம்தான். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் வீரர்களை 1900ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்த இடம் அது. இலங்கைப் படையின் அதிகாரிகள் பயிற்சி பெறும் கழகமும் அங்கேதான் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போர்வீரரைப் பார்த்துப் பழகிய மண் நம் ஊவா மண்.

சீருடையோடு போகிறவரை நாம் பார்க்கிறோம். சீருடையைக் கழற்றிவிட்டு வீடு திரும்பியவரைப் பார்க்கிறோமா? கையை இழந்தவரையும் காலை இழந்தவரையும் கண்டால் இரங்குகிறோம். உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்து, பத்து ஆண்டு கழித்து நள்ளிரவில் அலறி எழுகிறவரை என்ன சொல்கிறோம்? குடிகாரன் என்கிறோம். பேய் பிடித்தவன் என்கிறோம். பைத்தியம் என்கிறோம்.

அப்படிப் பைத்தியம் என்று கல்லெறியப்பட்ட ஒரு பழைய போர்வீரரைத் திருச்சபை இன்று பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 8ஆம் நாள் அவர் திருநாள். இறை அருளப்பர் என்றும், இறை யோவான் என்றும் அவரை அழைக்கிறோம். அவர் கதையைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

இடையன் படையில் சேர்கிறான்

1495ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் மொந்தேமோர் என்னும் ஊரில் அவர் பிறந்தார். எட்டு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து, ஸ்பெயின் நாட்டின் ஓரோபேசா என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு பிரபுவின் மந்தைகளைக் கவனிக்கும் மேலாளர் வீட்டில் வளர்ந்து, ஆடு மேய்த்துப் பிழைத்தார்.

1520களின் தொடக்கத்தில் பேரரசர் ஐந்தாம் சார்ல்சுக்கும் பிரெஞ்சு மன்னருக்கும் போர் மூண்டது. அந்தப் பிரபு அனுப்பிய படையில் அருளப்பரும் சேர்ந்தார். உலகைப் பார்க்க வேண்டும், ஆணாய்ப் பிறந்தவன் ஒரு முறையேனும் ஆயுதம் தாங்க வேண்டும் என்ற ஆசை இளைஞரைப் படைக்கு இழுப்பது இன்று மட்டுமா?

எல்லைப்புறக் கோட்டை ஒன்றின் அருகே, உணவு தேடிச் சென்றபோது, கடிவாளமில்லாத குதிரை அவரைத் தூக்கி எறிந்தது. பாறைகளுக்கிடையே இரண்டு மணி நேரம் நினைவிழந்து கிடந்தார். கண் விழித்தபோது வாயிலும் மூக்கிலும் இரத்தம். எதிரியின் எல்லைக்குள் தனியாகக் கிடந்த அவர், தேவதாயை வேண்டிக்கொண்டு முகாமுக்குத் தவழ்ந்து வந்து சேர்ந்தார்.

அதன் பின் நேர்ந்தது இன்னும் கொடிது. எதிரியிடம் கைப்பற்றிய பொருள்களுக்கு அவரைக் காவல் வைத்தார்கள். பொருள் களவு போயிற்று. படைத்தலைவன் அவரைத் தூக்கிலிட ஆணையிட்டான். அவ்வழியே வந்த பெரிய மனிதர் ஒருவர் இரங்கிப் பரிந்து பேசியதால் உயிர் தப்பியது. உயிரைக் கொடுத்துவிட்டு, முகாமை விட்டு ஓடிவிடச் சொன்னார்கள். பணி செய்த படை அவருக்குக் கொடுத்த கூலி அவ்வளவுதான்.

ஓரோபேசாவுக்குத் திரும்பி மீண்டும் ஆடு மேய்த்தார். ஆனால் 1532இல் துருக்கியப் படையை எதிர்க்க வியன்னா நோக்கி வீரர்கள் புறப்பட்டபோது, அவரும் மறுபடி புறப்பட்டுவிட்டார். பட்டது போதும் என்று இருக்க முடியவில்லை. போரில் நொந்த மனம் போரையே திரும்பத் தேடிப் போவதும் உண்டு.

திரும்பி வந்தவனுக்கு வீடில்லை

போர் முடிந்தது. பிறந்த ஊருக்குப் போனார். அவரைப் பெற்றவர்கள் அங்கே இல்லை. மகன் காணாமற் போன சில நாட்களுக்குள்ளேயே தாய் ஏங்கி இறந்துவிட்டாள். தந்தை புனித பிரான்சிஸ்குவின் சபை மடத்தில் சேர்ந்து அங்கேயே கண்ணை மூடினார். இதை ஒரு மாமன் சொல்லி அறிந்தபோது, தாயின் சாவுக்குத் தாமே காரணம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது.

அதற்குப் பின் எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. செவில் நகர்ப் பக்கம் ஆடு மேய்த்தார். அங்கிருந்து வட ஆபிரிக்காவின் சேயுத்தாக் கோட்டைக்குப் போய், மதில் கட்டும் வேலையில் கல்லும் மண்ணும் சுமந்தார். நாடு கடத்தப்பட்டு நோயில் கிடந்த ஒரு பிரபுவின் குடும்பத்துக்கு அந்த நாட்கூலியைக் கொடுத்துக் காப்பாற்றினார். அங்கும் மனம் கலங்கியது. குருவானவர் ஒருவர் சொற்படி ஸ்பெயினுக்குத் திரும்பி, கிப்ரால்ட்டர் பக்கத்து ஊர்களில் நூல்களையும் புனிதர் படங்களையும் சுமந்து விற்றார். இறுதியில் கிரனாடா நகரில் ஒரு சிறு புத்தகக் கடை வைத்தார். வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது.

சாட்டையே மருந்து

1539ஆம் ஆண்டு சனவரி 20, புனித செபஸ்தியார் திருநாள். கிரனாடாவில் ஆவிலா அருளப்பர் என்னும் பேர்பெற்ற குருவானவர் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த புத்தகக் கடைக்காரர் திடீரென உரக்கக் கதறினார். தலைமயிரைப் பிய்த்தார். மண்ணில் புரண்டார். கடைக்கு ஓடி நூல்களை வாரி வழங்கினார். தீயவை என்று கண்டவற்றைக் கிழித்தெறிந்தார். உடுத்த துணியையும் கொடுத்துவிட்டுத் தெருத்தெருவாக ஓடினார். சிறுவர்கள் கல்லும் சேறும் எறிந்து விரட்டினார்கள்.

அன்று நடந்தது இறையருளின் வேலை என்று நம்புகிறோம். கிறிஸ்துவின் பொருட்டுத் தம்மைப் பித்தனாகக் காட்டிக்கொண்டார் என்று, 1585இல் அவர் வரலாற்றை எழுதிய பிரான்சிஸ்கோ தெ காஸ்த்ரோ கருதினார். இன்றைய நோய்ப்பெயர் ஒன்றை எடுத்து, ஐந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த புனிதர்மேல் ஒட்டுவது முறையன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு போர்கள், ஒரு தூக்குக்கயிறு, தாயின் சாவு, ஓயாத அலைச்சல் ஆகிய அத்தனையையும் நெஞ்சில் சுமந்த ஒரு மனிதர் தெருவில் கதறி விழுந்தபோது, ஊர் அவருக்கு என்ன செய்தது?

அரச மருத்துவமனையில் கொண்டுபோய் அடைத்தது. கையையும் காலையும் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றால் அடித்தார்கள். அடித்தவர்கள் கொடியவர்கள் என்று எண்ணாதீர்கள். அடித்தால் புத்தி திரும்பும் என்பது அக்காலத்து மருத்துவம். அவர் தம் உடம்பில் விழுந்த அடிக்காக அழவில்லை. பக்கத்தில் கிடந்த மற்ற நோயாளிகளை அடித்தபோதுதான் காவலரைக் கடிந்துகொண்டார். இந்த ஏழைகளைத் தம் விருப்பப்படி பேண ஒரு மருத்துவமனை தமக்கு வாய்க்காதா என்று அங்கேதான் ஏங்கினார்.

சில மாதங்களில் அமைதி திரும்பியது. ஆவிலா அருளப்பர் அவரைக் கைவிடாமல் வழிநடத்தினார். கட்டு அவிழ்ந்ததும், அதே மருத்துவமனையில் பெருக்கவும் நோயாளிகளைக் கழுவவும் தொடங்கினார்.

ஒரே கூரையின் கீழ்

விறகு சுமந்து விற்ற காசில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். பாயும் பழைய போர்வையும்தான் முதல் தளபாடம். இரவில் முதுகில் கூடையும் கழுத்தில் இரண்டு சட்டிகளும் தொங்கத் தெருவில் நடப்பார். ஏழைக்குக் கொடுப்பவர் தமக்கே நன்மை செய்துகொள்கிறார் என்று கூவி உணவு கேட்பார். 1550ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. தம் இல்லத்தில் 110 பேருக்கு மேல் இருப்பதாகவும், முடவர், தொழுநோயாளர், முதியோரோடு புத்தி கலங்கியவர்களும் அங்கே இருப்பதாகவும், கடன் கழுத்தை நெரிப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறார்.

அவருடைய முதல் தோழர்கள் இருவரைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும். ஒருவர் அந்தோன் மார்த்தின். மற்றவர் பேதுரு வெலாஸ்கோ. மார்த்தினின் உடன்பிறந்தவனைக் கொன்றவர் வெலாஸ்கோ. அவரைத் தூக்கில் ஏற்றாமல் ஓயமாட்டேன் என்று வழக்காடி வந்தவர் மார்த்தின். அருளப்பர் சிலுவையைக் கையில் ஏந்தி அவரிடம் மன்றாடினார். மார்த்தின் மன்னித்தார். கொன்றவரும் கொல்லத் துடித்தவரும் ஒரே வீட்டில், ஒரே நோயாளிகளின் புண்ணைக் கழுவினார்கள்!

1549இல் அரச மருத்துவமனை தீப்பற்றியது. முன்பு தம்மைக் கட்டிவைத்து அடித்த அதே கட்டடத்துக்குள் அருளப்பர் ஓடி, நோயாளிகளைத் தூக்கி வந்து காப்பாற்றினார். அடுத்த குளிர்காலத்தில், வெள்ளத்தில் விழுந்த ஒருவனை மீட்க ஆற்றில் இறங்கியதால் காய்ச்சல் கண்டது. 1550 மார்ச் 8ஆம் நாள் முழந்தாளிட்டபடியே உயிர் துறந்தார். 1690இல் பாப்பரசர் எட்டாம் அலெக்சாந்தர் அவரைப் புனிதராக அறிவித்தார். 1886இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரை நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக்கினார்.

நமக்கு என்ன?

இந்தக் காயம் ஒரு காயம்தான் என்று உலகம் ஏற்க நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. முதலாம் உலகப் போரில் நடுங்கிப் போன வீரர்களைப் பற்றி 1915இல் சார்ல்ஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் எழுதினார். குண்டு அதிர்ச்சி என்று அதற்குப் பெயர். ஆனாலும் அந்தப் போரில், ஓடிப்போனவர் என்றும் கோழை என்றும் பிரித்தானியா தன் வீரர்களையே சுட்டுக் கொன்றது. அப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் ஆண்டுக்கணக்கில் கதவைத் தட்டிய பிறகே, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை ஒரு நோயாகத் தன் ஏட்டில் எழுதியது. தீராத கெட்ட கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், எரிச்சல், எவரோடும் ஒட்டாமை, மறக்கக் குடி: இவை அதன் அடையாளங்கள். போர் முடிந்து பல ஆண்டு சென்ற பிறகும் இவை தலைகாட்டலாம்.

நம் நாட்டில் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. ஊவாவின் கிராமங்களிலிருந்து படைக்குப் போனவர்கள் உண்டு. 1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கே போரின் நடுவே சிக்கிய நம் குடும்பங்களும் உண்டு. அங்கே விரும்பியோ விரும்பாமலோ ஆயுதம் ஏந்தியவர்களும் உண்டு. போரில் உறுப்பிழந்த முன்னாள் படையினரே ஓய்வூதியம் கேட்டு 2017இல் கொழும்புத் தெருவில் அமர வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கே இந்த நிலை. தெரியாத காயத்துக்கு யார் சான்று கொடுப்பார்?

படைவீரன் என்றாலே நம்மில் சிலருக்கு நெஞ்சு கசக்கும். அதற்குக் காரணமும் இருக்கிறது. சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கும், பிள்ளையைத் தேடி அலைந்தவர்களுக்கும் அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நீதி கேட்பதை விட்டுவிடுங்கள் என்று இங்கே சொல்லவில்லை. மார்த்தினுக்கும் வெலாஸ்கோவுக்கும் ஒரே கூரை போதுமாயிருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். நோயாளியை எந்தப் பக்கத்தான் என்று கேட்டுவிட்டு அருளப்பர் கதவைத் திறக்கவில்லை.

ஆகவே, உங்கள் லயத்திலோ, பக்கத்துக் கிராமத்திலோ அப்படி ஒருவர் இருந்தால் கட்டிவைக்காதீர்கள். வேப்பிலையால் அடிக்கவும் விடாதீர்கள். கிரனாடாவின் கயிறும் அந்த வேப்பிலையும் ஒன்றுதான். பிள்ளைகள் பின்னால் கூவி ஓடினால் தடுத்து நிறுத்துங்கள். அவர் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேளுங்கள், பேசாவிட்டால் துருவாதீர்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பயணச் செலவுக்கு வழியில்லை என்றால் பங்கில் சொல்லுங்கள். நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். அவருடைய மனைவியையும் மறந்துவிடாதீர்கள். எவருக்கும் சொல்லாமல் இரவெல்லாம் விழித்திருப்பவள் அவள்.

வரும் மார்ச் 8ஆம் நாள் பூசையில், போரை இன்னும் நெஞ்சில் சுமக்கும் எல்லாருக்காகவும், அவர்கள் எந்தச் சீருடை அணிந்திருந்தாலும் சரி, ஒரு மன்றாட்டுச் சேர்த்துக்கொள்வோம். பூசை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், அவர்களில் ஒருவர் வாசலில் சற்று நிற்போம்.