புகையை அளந்த வேதியியலாளர்

ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1817இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகில் பிறந்தார். ஜெர்மனியில் வேதியியல் பயின்றபின், தொழில் நகரமான மான்செஸ்டரில் குடியேறி, காற்றையும் மழைநீரையும் ஆராய்ந்தார்.

அக்காலத்தில் பிரிட்டனின் சோடா தொழிற்சாலைகள் வெளியேற்றிய ஹைட்ரஜன் குளோரைடு வாயு, சுற்றிலுமிருந்த பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. அவ்வாயுவில் குறைந்தது 95 விழுக்காட்டைக் காற்றில் கலக்காமல் தடுக்க வேண்டும் என்று 1863இல் சட்டம் இயற்றப்பட்டது. அதைச் செயற்படுத்தும் முதல் ஆய்வாளராக ஸ்மித் நியமிக்கப்பட்டார். நான்கு துணை ஆய்வாளர்கள் அவருக்கு உதவினர்.

ஒரு தொழிற்சாலை சட்டத்தை மீறியது என்று கூற, யாரும் மறுக்க முடியாத அளவீடு தேவைப்பட்டது. அளவீடு தவறினால், குற்றமற்றவர் தண்டிக்கப்படலாம். அல்லது ஊர்மக்கள் தொடர்ந்து துன்புறலாம். வாயு மாதிரியிலுள்ள அமிலத்தை அளப்பது மட்டும் போதவில்லை. புகைபோக்கி வழியே எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்பதையும் கணக்கிட வேண்டியிருந்தது. அதற்காகத் துணை ஆய்வாளர் ஃபிளெட்சர், வாயு செல்லும் வேகத்தை அளக்கும் கருவியொன்றை உருவாக்கினார். 1874இல் திருத்தப்பட்ட சட்டம், வெளியேறும் ஒவ்வொரு கன அடி வாயுவிலும் இருக்கக்கூடிய அமிலத்திற்கு வரம்பு விதித்தது.

ஸ்மித் 1884இல் மறைந்தார். இன்றும் புகைபோக்கிகளில் மாதிரி எடுப்போர், மாசின் செறிவோடு வாயுவின் வேகத்தையும் அளக்கின்றனர். முறையாக அளந்தால்தான் சட்டம் நியாயமாகச் செயற்படும் என்பதை அவரது பணி உணர்த்துகிறது.