ஏடுகளில் உறங்கிய பெயர்களை எழுப்பிய குருவானவர்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வாழும் பிரெஞ்சு வம்சத்தினர் பலர், தங்கள் முதற் பாட்டன் பிரான்சின் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தார் என்பதைத் தலைமுறை எண்ணிச் சொல்ல வல்லவர்கள். பத்துத் தலைமுறைக்கு முந்திய ஓர் ஏழை உழவனின் பெயரும் அவன் மனைவியின் பெயரும் மறையாது நிற்பது உலகில் அரிது. இதற்கு வழிசமைத்தவர் சிப்பிரியான் தாங்கே என்னும் கத்தோலிக்கக் குருவானவர் ஆவார்.

1819ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி கியூபெக் நகரில் பிறந்த அடிகளார், 1843இல் குருப்பட்டம் பெற்று, றிமூஸ்கி முதலிய பங்குகளில் பணியாற்றினார். நான்காம் தலைமுறை வரை இரத்த உறவுடையோர் விதிவிலக்குப் பெறாமல் விவாகம் செய்யலாகாது என்பது அக்காலத் திருச்சபைச் சட்டம். சில ஆயிரம் குடியேறிகளிலிருந்து பெருகிய மக்களிடையே, மணமக்கள் இருவரும் ஒரே முன்னோரின் வழிவந்தவர்களோ என்று ஆராய்வது பங்குக்குருவின் கடமையாயிற்று. அதற்குக் கோவிற் பதிவேடுகளே துணை.

அப்பதிவேடுகளுக்கும் ஆபத்து நேர்ந்ததுண்டு. 1640இல் கியூபெக் நகர்க் கோவில் தீப்பற்றி எரிந்தபோது ஞானஸ்நான, விவாகப் பதிவுகளும் சாம்பலாயின. குருமார் மக்களின் ஞாபகத்தைக் கொண்டே அவற்றைத் திரும்ப எழுதினர். பதிவேடுகளை இரு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் கோவிலிலும் மற்றையதை நீதிமன்றத்திலும் வைக்கவேண்டுமெனப் பிரெஞ்சு அரசு 1667இல் விதித்தது. 1763இல் நாடு பிரித்தானியர் கைக்கு மாறிய பின்னரும் இவ்வழக்கம் நிலைத்தது.

1865இல் அடிகளார் அரசாங்கத்தின் புள்ளிவிபரப் பகுதியில் அமர்த்தப்பட்டார். அதன்பின் பங்கு பங்காகச் சென்று, மங்கிய மையெழுத்துக்களை வாசித்துப் பிரதிசெய்தார். பாரிஸ் நகர ஆவணக் காப்பகங்களிலும் தேடினார்.

பெயர்களே அவருக்குப் பெருஞ் சிக்கலாயின. ஆண் குழந்தைகளுக்கு யோசேப் என்றும் பெண் குழந்தைகளுக்கு மரி என்றும் முதலில் இட்டு, ஞானப்பெற்றோரின் பெயரையும் சேர்த்து, இறுதியில் அழைக்கும் பெயரை வைக்கும் வழக்கம் பரவியிருந்தது. ஒரு வீட்டிலேயே யோசேப் பலர் இருப்பர். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு இடுவதும் உண்டு. இவற்றுக்கு மேலாகப் பல குடும்பங்களுக்கு இரட்டைப் பெயர்கள் இருந்தன. 1665இல் வந்த கரிஞ்ஞான் படைப்பிரிவின் போர்வீரர் பலர் பட்டப்பெயர் பூண்டிருந்தனர். மலர் என்று ஒருவனுக்கும், கவலையற்றவன் என்று இன்னொருவனுக்கும் பெயர். அவர்களுள் அன்ரவான் றுவா எனும் டெஜார்டன் என்பவரின் சந்ததியாருட் சிலர் றுவா என்றும், சிலர் டெஜார்டன் என்றும் வழங்கலாயினர். ஒரே இரத்தம் இரு குடும்பமாகத் தோன்றியது. 1900இல் லெவி நகரில் கூட்டுறவுச் சேமிப்புச் சங்கத்தைத் தொடங்கிப் புகழ்பெற்ற அல்போன்ஸ் டெஜார்டன் இவ்வழி வந்தவரே.

இச்சிக்கலை அவிழ்க்கப் பெண்களின் பெயர்களே உதவின. விவாகமான பின்னரும் பதிவேடுகளில் பெண் தன் தந்தை வழிப் பெயரிலேயே மரணம் வரை குறிக்கப்பட்டாள். விவாகப் பதிவில் இருபக்கப் பெற்றோரின் பெயர்களும் எழுதப்பட்டன. ஆகவே கணவனின் பெயர் மாறினும், மனைவியின் பெயரைப் பற்றிக்கொண்டு குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அடிகளாரின் குடும்ப வரலாற்று அகராதியின் முதற் பாகம் 1871இலும், ஏழாவதும் இறுதியுமான பாகம் 1890இலும் வெளிவந்தன. 1902 ஏப்ரில் 28ஆம் திகதி ஒட்டாவா நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவரது நூலில் பிழைகள் இல்லாமலில்லை. 1957இல் அதற்கு ஒரு நிரப்புநூல் வெளிவந்தது. மொன்றியல் பல்கலைக்கழக அறிஞர்கள் 1966 முதல் அதே பதிவேடுகளை மீண்டும் முறையாக ஆராய்ந்து பல திருத்தங்கள் கண்டனர். எனினும் தனியொருவராய் அவர் இட்ட அத்திவாரத்தின் மேலேயே பின்வந்தோர் கட்டினர்.

பெயர் தெரியாத எத்தனையோ பங்குக்குருமார், குளிரிலும் வறுமையிலும், கூலிக்காரனின் குழந்தைக்கும் ஒரு வரி ஒதுக்கிக் கவனமாக எழுதி வைத்தனர். அந்த வரிகளை அடிகளார் ஒன்றுசேர்த்தார். தம்மை யாரென அறியும் பேறு ஓர் இனத்துக்குக் கிடைத்தது.