குதிரைகளைக் குழந்தைகள்போல் வளர்த்த கோமான்
மூன்றாவது ஆகாகானின் வாழ்க்கை

பம்பாய் நகரம். 1936-ம் ஆண்டு ஜனவரி மாதம். பெரிய தராசு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதன் ஒரு தட்டில் கனத்த உடம்புக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். மறு தட்டில் தங்கக் கட்டிகளை அடுக்கினார்கள். எடைக்கு எடை தங்கம்!

தராசில் உட்கார்ந்தவர் மூன்றாவது ஆகாகான். சுல்தான் முகம்மது ஷா என்பது அவருடைய இயற்பெயர். இஸ்மாயிலி முஸ்லிம்களின் 48-வது இமாம் அவர். அந்தப் பதவிக்கு அவர் வந்து 50 ஆண்டு ஆனதை அவருடைய சமூகத்தார் அப்படிக் கொண்டாடினார்கள். 1946-ல் அவரை வைரத்துக்கு எடை போட்டார்கள். 1954-ல் கராச்சியில் பிளாட்டின விழா நடந்தது. அந்தச் செல்வம் சமூகத்தின் நன்மைக்கே செலவிடப்பட்டது.

தங்கமும் வைரமும் அவரை உலகுக்குக் காட்டின. ஆனால் ஐரோப்பாவின் சாதாரண மக்களும் அவர் பெயரைத் தெரிந்துகொண்டது குதிரைகளால்தான்.

சிறு வயதில் பெரிய பொறுப்பு

ஆகாகான் 1877-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி கராச்சியில் பிறந்தார். அவருடைய தாத்தா ஈரான் நாட்டிலிருந்து வந்து பம்பாயில் குடியேறியவர். தாத்தாவுக்குக் குதிரை என்றால் உயிர். லாயம் நிறையக் குதிரைகளைக் கட்டி வளர்த்தார். குதிரைப் பித்து அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து.

1885-ல் தந்தை இறந்துவிட்டார். எட்டு வயதுகூட நிறையாத பிள்ளை இமாம் ஆனான். குடும்பப் பொறுப்பைத் தாயார் ஏற்றார். அவர் கெட்டிக்காரர். வரவு செலவைக் கணக்குப் பார்த்தார். லாயத்தில் இருந்த குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிடவில்லை. நல்ல குதிரைகளை மகனுக்காக வைத்துக்கொண்டார். அந்தக் குதிரைகள் சிறுவனின் பெயரிலேயே பந்தயங்களில் ஓடின.

அரசியலில்

வளர்ந்து பெரியவரானதும் ஆகாகான் நாட்டு விவகாரங்களில் இறங்கினார். அகில இந்திய முஸ்லிம் லீகின் முதல் தலைவர் அவரே. அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலைக்கு ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் கலந்துகொண்டார். 1937-ல் சர்வதேச சங்கத்தின் சபைக்குத் தலைவரானார்.

பூனாவில் அவர் 1892-ல் கட்டிய மாளிகையை நம் நாட்டில் அறியாதவர் இல்லை. 1942-ல் வெள்ளையர் அரசாங்கம் காந்தியடிகளை அங்கேதான் சிறை வைத்தது. கஸ்தூரிபா அம்மையார் 1944-ல் கண்ணை மூடியதும் அந்த மாளிகையில்தான்.

விருந்தில் பிறந்த யோசனை

ஆகாகான் அடிக்கடி இங்கிலாந்து போவார். அங்கே ஓடும் உயர்ந்த ஜாதிக் குதிரைகளைப் பார்த்து ஆசைப்படுவார். ஆனாலும் பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1921-ல் ஒரு விருந்தில் ஜார்ஜ் லாம்ப்டன் என்பவரின் பக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. லாம்ப்டன் குதிரைகளைப் பழக்குவதில் பேர் போனவர். இருவரும் குதிரைகளைப் பற்றியே பேசினார்கள். தமக்குக் குதிரைக் குட்டிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கித் தரும்படி ஆகாகான் கேட்டுக்கொண்டார். லாம்ப்டனும் சம்மதித்தார்.

1922-ல் ஒரு வயதுப் பெண்குட்டி ஒன்று ஏலத்துக்கு வந்தது. சாம்பல் நிறம். லாம்ப்டன் அதை 9,100 கின்னிக்கு எடுத்தார். ஆகாகான் அதற்கு மும்தாஜ் மஹால் என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு அது ஆறு பந்தயம் ஓடி ஐந்தில் வென்றது. அதன் வேகத்தைக் கண்டவர்கள் அதைப் பறக்கும் குதிரை என்றே அழைத்தார்கள்.

குலம் கோத்திரம்

பந்தயத்தில் ஜெயிப்பதோடு ஆகாகான் திருப்தி அடையவில்லை. ஜெயிக்கும் குதிரைகளைத் தம் பண்ணையிலேயே பிறக்க வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அயர்லாந்திலும் பிரான்சிலும் பண்ணைகள் வைத்தார்.

நம் வீடுகளில் கல்யாணத்துக்குக் குலம் கோத்திரம் பார்க்கிறோம் அல்லவா? குதிரை வளர்ப்பில் அதைவிடக் கடுமையாகப் பார்ப்பார்கள். தாய் யார், தந்தை யார், பாட்டன் எப்படி ஓடினான் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பிரெஞ்சுக்காரரான கர்னல் வுய்யே என்பவர் 12 தலைமுறை வரை போய்க் கணக்கிட ஒரு முறையை வகுத்திருந்தார். எந்தப் பெண் குதிரைக்கு எந்த ஆண் குதிரை பொருத்தம் என்பதை அந்தக் கணக்கு சொல்லும். ஆகாகான் அவரைத் தம் ஆலோசகராக வைத்துக்கொண்டார்.

ஐந்து டெர்பி வெற்றிகள்

இங்கிலாந்தில் எப்சம் என்ற இடத்தில் 1780 முதல் டெர்பி பந்தயம் நடக்கிறது. தூரம் ஒன்றரை மைல். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஆகவே ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒரே ஒரு முறைதான் சந்தர்ப்பம்.

1930-ல் ஆகாகானுக்காக இரண்டு குதிரைகள் ஓடின. ஜனங்கள் ருஸ்தும் பாஷா என்ற குதிரையைத்தான் நம்பினார்கள். இன்னொன்றான பிளென்ஹீமுக்கு ஒன்றுக்குப் பதினெட்டு கொடுப்பதாகப் பந்தயம் கட்டுவோர் அறிவித்திருந்தார்கள். அவ்வளவு அலட்சியம்! ஆனால் பிளென்ஹீம்தான் வென்றது.

1935-ல் பஹ்ராம் வந்தது. அது சோம்பல் சுபாவம் உடையது. ஆனால் ஓடிய ஒன்பது பந்தயங்களிலும் தோல்வி என்பதே கிடையாது. டெர்பி உள்பட மூன்று பெரிய பந்தயங்களை ஒரே ஆண்டில் வென்று மும்முடி சூடியது. இங்கிலாந்தில் 1918-க்குப் பிறகு எந்தக் குதிரையும் செய்யாத காரியம் அது.

மறு ஆண்டு மஹ்மூத். இது பிளென்ஹீமின் மகன். மும்தாஜ் மஹாலின் பேரன். ஒரு வயதில் இதை ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். கேட்ட விலைக்கு ஆள் இல்லை. திரும்ப ஓட்டி வந்துவிட்டார்கள். அப்படி யாரும் வாங்காத குட்டி 1936-ல் டெர்பியை 2 நிமிடம் 33.8 விநாடியில் ஓடி முடித்தது. இரண்டாவதாக வந்ததும் ஆகாகானின் குதிரைதான். மஹ்மூத் ஓடிய நேரத்தை 1995 வரை, அதாவது 59 ஆண்டுகள், வேறு எந்தக் குதிரையும் மிஞ்சவில்லை.

1948-ல் மை லவ், 1952-ல் துல்யார். ஆக ஐந்து டெர்பி. இங்கிலாந்தில் மிக அதிகமாகப் பரிசு வென்ற குதிரை உரிமையாளர் என்ற பெருமையை அவர் 13 முறை பெற்றார்.

விற்றது சரியா?

இவ்வளவு புகழ் இருந்தும் ஆகாகான் மீது இங்கிலாந்தில் ஒரு மனக்குறை இருந்தது. தலைசிறந்த ஆண் குதிரைகளை அவர் வெளிநாட்டுக்கு விற்றார். 1936-ல் பிளென்ஹீம் 45,000 பவுனுக்கு அமெரிக்கா சென்றது.

பிறகு இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தது. ஆகாகான் சுவிட்சர்லாந்தில் தங்கினார். அந்த ஆண்டே பஹ்ராம் 40,000 பவுனுக்கும், மஹ்மூத் 20,000 பவுனுக்கும் கப்பல் ஏறின.

ஒரு குதிரை போனால் அதற்குப் பிறக்கப் போகும் குட்டிகளும் கூடவே போகின்றன. விதை நெல்லை விற்றுவிட்டாரே என்று இங்கிலாந்தின் குதிரை வளர்ப்போர் வருந்தினார்கள்.

அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. பிளென்ஹீமுக்குப் பிறந்த வேர்ல்அவே 1941-ல் அமெரிக்காவில் மும்முடி சூடியது. மஹ்மூத்தின் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பிறந்ததுதான் நார்தர்ன் டான்சர். கனடா நாட்டில் பிறந்து, 1964-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்றது. அதன் மகன் நிஜின்ஸ்கியை ஓடுவதற்காக அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். 1970-ல் அது இங்கிலாந்தில் மூன்று பந்தயங்களையும் வென்றது. பஹ்ராமுக்கு 35 ஆண்டுகளுக்குப் பின் மும்முடி சூடிய குதிரை அதுதான். விற்ற விதை அந்நிய மண்ணில் விளைந்து, பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

மும்தாஜ் மஹாலின் இன்னொரு பேரன் நஸ்ருல்லா. இதையும் ஆகாகான் விற்றார். அமெரிக்காவே கொண்டாடிய செக்ரட்டேரியட் இதன் வழியில் வந்தது. 1973-ல் பெல்மாண்ட் பந்தயத்தில் அது 31 குதிரை நீளம் முந்தி வந்தது.

பேரன் கையில்

1957-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி சுவிட்சர்லாந்தில் ஆகாகான் காலமானார். எகிப்து நாட்டில் நைல் நதிக் கரையிலுள்ள அஸ்வானில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் எழுதி வைத்திருந்த உயில் எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. இமாம் பதவியை அவர் மகன் அலிகானுக்குக் கொடுக்கவில்லை. 20 வயதுப் பேரன் கரீமுக்குக் கொடுத்திருந்தார். உலகம் மாறிவிட்டது, புதிய காலத்தில் வளர்ந்த இளைஞரே தலைமை ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அலிகான் குதிரைகளைப் பார்த்துக்கொண்டார். மும்தாஜ் மஹாலின் வழியில் வந்த பெத்தீத் எத்துவால் என்ற சாம்பல் நிறப் பெண் குதிரை 1959-ல் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. ஆனால் 1960-ல் அலிகான் மோட்டார் விபத்தில் மாண்டார். குதிரைப் பண்ணைகளும் கரீமின் தலையில் விழுந்தன. அதுவரை அவருக்குக் குதிரை வளர்ப்பில் பழக்கம் கிடையாது. விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். கடைசியில் தாத்தாவின் லாயத்தை மூட அவருக்கு மனம் வரவில்லை. முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

2025 பிப்ரவரியில் கரீம் ஆகாகான் காலமானார். அதற்குள் 1981, 1986, 1988, 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் அவருடைய குதிரைகள் டெர்பியை வென்றிருந்தன. எண்ணிப் பார்த்தால் ஐந்து. தாத்தா வென்றதும் ஐந்துதான்!

தாத்தா எடை போட்ட தங்கம் அன்றே பிறர் நன்மைக்குச் செலவாகிவிட்டது. 9,100 கின்னி கொடுத்து வாங்கிய அந்தச் சாம்பல் நிறக் குட்டியின் வம்சமோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.