சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன்

வரம் என்னும் சொல் செவிக்கு இனியது. தவம் புரிந்தார்முன் தெய்வம் தோன்றி, அவர் வேண்டியன அளிக்கும் கதைகளை நாம் மழலைப் பருவந்தொட்டுக் கேட்டு வருகின்றோம். ஆயினும், அக்கதைகளைக் கூர்ந்து நோக்கின், வரத்தின் பின்னே ஒரு விலை மறைந்து நிற்பது புலனாகும். தான் தொட்ட தலையெல்லாம் எரிந்து சாம்பலாக வேண்டும் என்று வரம் பெற்ற பஸ்மாசுரன், ஈற்றில் தன் தலைமேல் தானே கைவைத்து மாண்டான். தயரதன் மகிழ்ந்து கைகேயிக்கு அளித்த இரண்டு வரங்களின் விலை, பல்லாண்டு கழித்து அவன் உயிராகவே அமைந்தது. பிற நாட்டாரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். டென்மார்க்கு நாட்டுக் கதையாசிரியர் ஆண்டர்சன் படைத்த கடற்கன்னி, மனிதக் கால்களைப் பெறும் ஆசையால் தன் இனிய குரலைச் சூனியக்காரிக்குக் கொடுத்து ஊமையானாள். செருமானியப் பெரும்புலவர் கதே இயற்றிய நாடகத்தில், பாஸ்டு என்னும் அறிஞன் சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டான்.

இத்தகைய பழங்கதைகளின் வடிவை எடுத்துக்கொண்டு, வரத்தின் விலையை யார் செலுத்துகிறார் என்னும் வினாவைத் தம் காலத்துத் தமிழர்முன் வைத்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவரே புதுமைப்பித்தன்.

அவருடைய இயற்பெயர் விருத்தாசலம். அவர் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை, தாயார் பர்வதத்தம்மாள். குடும்பத்தின் சொந்த ஊர் திருநெல்வேலியாயினும், தந்தையார் அரசாங்க அலுவலில் இருந்தமையால், அவர் மாற்றலாகிச் சென்ற ஊர்களிலெல்லாம் மைந்தரும் வளர்ந்தார். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய மூன்று ஊர்களில் விருத்தாசலத்தின் தொடக்கக் கல்வி நிகழ்ந்தது.

கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 2019ஆம் ஆண்டில்தான் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதன் மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நெடிதுயர்ந்து நிற்கின்றது. அம்மலையில் தோன்றும் கோமுகி ஆறு, கீழே இறங்கிச் சமவெளியை வளப்படுத்துகின்றது. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் தினையும் சாமையும் விளைத்து அங்கே வாழ்ந்து வருகின்றனர். தேனும் கடுக்காயும் புளியும் அம்மலை தரும் செல்வங்கள். செஞ்சியின் கோட்டையும் கல்வராயனின் அடிவாரமும் எழுத்தறியத் தொடங்கிய சிறுவர் ஒருவருக்கு வாய்த்தது, தமிழகத்தின் பல முகங்களை இளமையிலேயே காணக் கிடைத்த வாய்ப்பு என்றே கொள்ளலாம்.

அவ்விளமை முற்றும் இன்பமயமானதன்று. சிறுவராயிருந்தபோதே விருத்தாசலம் தம் அன்னையை இழந்தார். தந்தையார் ஓய்வு பெற்றபின், 1918ஆம் ஆண்டில் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. தாமிரவருணிக் கரையிலே அவர் கல்வி தொடர்ந்தது. நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று, 1931ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற மகன் அரசாங்க அலுவலில் அமர்வதே அக்காலத்துப் பெற்றோர் விரும்பிய வழி. விருத்தாசலமோ எழுத்தையே தம் தொழிலாகத் தேர்ந்துகொண்டார். கமலா என்னும் மங்கை நல்லாரை மணந்த அவர், பிழைப்பு நாடிச் சென்னை சேர்ந்தார்.

அப்பொழுது சென்னையில் 'மணிக்கொடி' என்னும் இதழ் புதிய இலக்கியத்துக்குக் களமாக விளங்கியது. 1934ஆம் ஆண்டுமுதல் அவ்விதழில் புதுமைப்பித்தன் என்னும் புனைபெயரில் கதைகள் வெளிவரலாயின. பின்னர் 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' ஆகிய இதழ்களில் அவர் பணியாற்றினார். பகலெல்லாம் செய்திகளை மொழிபெயர்ப்பதும், எஞ்சிய நேரத்தில் கதை எழுதுவதுமாகக் காலம் கழிந்தது. ஏறத்தாழ நூறு சிறுகதைகளை அவர் இயற்றினார். 1940ஆம் ஆண்டில் 'புதுமைப்பித்தன் கதைகள்' என்னும் நூல் வெளிவந்தது. அவருடைய நடையில் நெல்லை நாட்டுப் பேச்சும், புராண மரபின் சொல்லாட்சியும், கூரிய நகைச்சுவையும் ஒருங்கே கலந்திருந்தன.

அவர் கதைகளுள் மூன்றினை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னை மாநகரின் வீதியொன்றில் கடவுள் ஒரு முதியவர் வடிவில் தோன்றுகிறார். சித்த மருத்துவ இதழொன்றை நடத்தி அல்லலுறும் கந்தசாமிப் பிள்ளை அவரைக் கண்டு, அவரோடு காப்பி அருந்தித் தம் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறார். பழங்கதையாயின், இவ்விடத்தில் வறியவர் வரம் கேட்பார்; வறுமை நீங்கும்; கதை முடியும். இங்கே நிகழ்வது வேறு. வரம் என்ற பேச்சு எழுந்தபோது, பிள்ளை அதனை வேண்டாவென மறுக்கின்றார். வரம் கொடுத்த தெய்வம் மறைந்துவிடும். பின்னர் வேறொரு தெய்வம் வந்து தலையைக் கேட்கும். அந்த வம்பு தமக்கு எதற்கு என்பது அவர் கருத்து. புராணங்களைப் படித்தறிந்த ஓர் ஏழை, அவற்றிலிருந்து கற்ற பாடம் அது. முடிவில் கடவுள் அவர் இதழுக்கு ஆயுள் சந்தா செலுத்திவிட்டு மறைகின்றார். கடவுளும் மனிதரும் செய்துகொண்ட வாணிகம் அவ்வளவே. படிப்போர் நகைப்பர்; நகைத்தபின் சிந்திப்பர்.

இரண்டாவது, 'சாப விமோசனம்'. இராமனது திருவடித் துகள் பட்டு அகலிகை கல்லுருவம் நீங்கிப் பெண்ணாயினாள் என்பதுடன் பழைய கதை முடிகின்றது. புதுமைப்பித்தனோ அவ்விடத்தில்தான் தம் கதையைத் தொடங்குகின்றார். சாபம் நீங்கியது, ஆனால் உயிரோடு நினைவும் மீண்டது. ஊரார் பார்வை அவளைச் சுடுகின்றது. கணவர் அன்போடு நடத்தியும் அவள் உள்ளம் அமைதி பெறவில்லை. தனக்கு வாழ்வளித்த இராமன் ஒருவனையே அவள் அறத்தின் வடிவாக நம்பியிருந்தாள். அவனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாயிலாகக் கேட்ட பொழுது, அந்நம்பிக்கையும் முறிந்தது. அகலிகை மீண்டும் கல்லானாள். மன்னிப்பு என்னும் வரம் முழுமையாக வழங்கப்படாதபோது, அதன் விலையைப் பெண்ணே செலுத்துகிறாள் என்பதை இக்கதை உணர்த்துகின்றது. 1943ஆம் ஆண்டில் இது வெளிவந்தபோது, மரபில் ஊறியவர்க்கு அதிர்ச்சியாயிருந்ததில் வியப்பில்லை. எனினும், பழைய காப்பியத்தை இகழ்வது இக்கதையின் நோக்கமன்று. காப்பியத்தை உள்ளத்தில் ஏந்திப் பயின்ற ஒருவராலன்றி இவ்வினாவைக் கேட்டிருத்தல் இயலாது.

மூன்றாவது, 'காலனும் கிழவியும்'. உயிரைக் கொண்டுபோக வந்த காலனை ஒரு நாட்டுப்புறக் கிழவி எதிர்கொள்கின்றாள். அவனைக் கண்டு அஞ்சாமல், அவனோடு வாதிட்டு, அவனால் எடுத்துச் செல்லக் கூடியது எத்துணைச் சிறிது என்பதை அவனுக்கே காட்டிவிடுகின்றாள். காலன் வெறுங்கையனாய்த் திரும்புகின்றான். எதனையும் வேண்டாதவளிடம் தெய்வத்தின் பேரம் செல்லவில்லை.

பிற நாட்டுக் கதைகள் பலவற்றையும் அவர் தமிழில் பெயர்த்தார். தான் படைத்த உயிரே தனக்குக் கேடாய் முடிந்த விஞ்ஞானியைப் பற்றி, மேரி ஷெல்லி என்னும் ஆங்கில அம்மையார் எழுதிய புதினத்தைப் 'பிரேத மனிதன்' என்னும் பெயரால் தந்தார். அளவிறந்த ஆசைக்கு மறைந்து நிற்கும் விலை என்னும் பொருள், அவருடைய சொந்தக் கதைகளுக்கும் இம்மொழிபெயர்ப்புக்கும் பொதுவாயிருத்தல் நோக்கத்தக்கது.

இனி, அவர் வாழ்க்கையின் இறுதிப் பகுதியைக் காண்போம். எழுத்தால் பெற்ற ஊதியம் இல்லறத்தை நடத்தப் போதவில்லை. மனைவியார் பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் தங்கியிருக்க, அவர் சென்னையில் தனித்து வாழ்ந்தார். அக்காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் நூலாக வெளிவந்தன. பொருள் தேடும் நோக்கத்தோடு அவர் திரைப்படத் துறையுள் நுழைந்தார். 'ஔவையார்', 'காமவல்லி' ஆகிய படங்களுக்கு எழுதும் பணியில் ஈடுபட்டார். தம் அன்னையின் பெயர் விளங்கப் 'பர்வதகுமாரி' என்னும் படநிறுவனம் ஒன்றையும் தொடங்கினார், அம்முயற்சி நிறைவேறவில்லை. பின்னர் 'ராஜமுக்தி' என்னும் படத்துக்கு உரையாடல் எழுதும் பொருட்டுப் புனேநகர் சென்றார். அங்கே காசநோய் அவரைக் கடுமையாகப் பற்றியது. நலிந்த உடலோடு திருவனந்தபுரம் திரும்பிய அவர், 1948ஆம் ஆண்டில், தம் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவருடைய ஒரே மகள் அப்பொழுது சிறு குழந்தை.

செல்வம் தருவதாகச் சொல்லிய ஒரு பேரத்தில் அவரும் ஏமாந்தார் என்று சிலர் எண்ணக்கூடும். அது முழு உண்மையன்று. நல்ல கதையைப் படித்து மகிழ்ந்த நாடு, அதனை எழுதியவரின் அடுப்பு எரிகின்றதா என்று கேட்கவில்லை. மறைந்திருந்த விலை அதுவே. அவ்விலையை அவரும் அவர் குடும்பத்தாரும் செலுத்தினர். பயனை நாம் பெற்றோம்.

1951ஆம் ஆண்டில் அவருடைய நண்பர் சிதம்பர ரகுநாதன் அவரது வரலாற்றை நூலாக எழுதினார். 2002ஆம் ஆண்டில் தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. இன்று அவர் கதைகளை எவரும் எளிதிற் பெற்றுப் படிக்கலாம்.

மாணவர்களே! நீங்கள் எதிர்காலத்தில் கதை எழுத முற்படலாம். அப்பொழுது மாயமும் மந்திரமும் நிறைந்த கதையையே எழுதினும் குற்றமில்லை. ஆனால், உங்கள் கதையில் ஒருவன் வரம் பெறுவானாயின், அதன் விலை யாது, அதனைச் செலுத்துபவர் யாவர் என்று நும் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் அஞ்சாது கேட்டவர் புதுமைப்பித்தன்.